டிவி மேல் பழி போடாதீர்கள்

தீபாவளி நெருங்கினால் போதும், நல்லபடியாக ஓடிக்கொண்டிருக்கும் டிவிகள் மீதெல்லாம் குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிடுகிறது. "படம் அவ்வளவா தெளிவா இல்ல." "வாங்கி ஏழெட்டு வருஷம் ஆச்சே." "இப்போ எல்லாரும் 4கேதான் வாங்குறாங்க." வீட்டில் ஒருவர் தொடங்கிவைக்க, மற்றவர்கள் வழிமொழிய, ஞாயிற்றுக்கிழமைக்குள் எக்ஸ்சேஞ்ச் விலை விசாரித்தாகிவிடும். போதாக்குறைக்கு, 2025 செப்டம்பர் 22 முதல் 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. தயங்கி நின்றவர்களுக்கும் ஒரு சாக்கு கிடைத்தது.

டிவி வாங்குவது அவரவர் விருப்பம். சுவரை அழகுபடுத்த, சம்பந்தி வீட்டுக்கு ஈடுகொடுக்க, போனஸ் பணத்தைச் செலவழிக்க என்று எதற்காகவும் வாங்கலாம். அதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு ஒரே ஒரு நம்பிக்கையோடுதான். 'புள்ளிகள் கூடினால் படம் நன்றாக இருக்கும். ஆகவே இருக்கிற ஃபுல் எச்டி டிவியைக் கொடுத்துவிட்டு அதே அளவில் 4கே வாங்கினால் படத்தின் தரம் உயர்ந்துவிடும்' என்கிற நம்பிக்கை. நம் வீடுகளில் பரவலாக இருக்கும் 40, 43 இன்ச் டிவிகளைப் பொறுத்தவரை இது பெரும்பாலும் தவறு. சில வீடுகளில், முப்பதாயிரம் ரூபாயை எண்ணிக் கொடுத்து இருந்ததைவிட மோசமான படத்தை வாங்கி வரும் அளவுக்குத் தவறு.

இந்த நம்பிக்கை ஆகாயத்திலிருந்து விழவில்லை. ஒரு காலம் வரை அது உண்மையாகவே இருந்தது. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் ஒளிபரப்பைத் தொடங்கியபோது படம் கறுப்பு வெள்ளை. 1982 டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வண்ணம் வந்தது. பழைய பெட்டியில் வண்ணம் தெரியாது. புதுப் பெட்டி வாங்கியே ஆகவேண்டும். 2006 தேர்தலுக்குப் பின் தமிழக அரசு கொடுத்த 14 இன்ச் வண்ணத் தொலைக்காட்சி, எத்தனையோ குடிசைகளுக்கு முதல் திரை. அடுத்து வந்த தட்டை டிவிகள், குழாய் டிவியின் வளைந்த விளிம்பையும் நடுக்கத்தையும் ஒழித்தன. பிறகு எச்டி. ஒவ்வொரு படியிலும் புதிய பெட்டி பழையதைவிடப் பளிச்சென்று மேலாக இருந்தது. வாசலில் நின்று எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரருக்கே வித்தியாசம் தெரிந்தது. இரண்டு தலைமுறை இப்படிப் பழகியதால், 'புதுசு என்றால் நல்ல படம்' என்பது கேள்வி கேட்கத் தேவையில்லாத விதியாகிவிட்டது. அந்த விதி ஃபுல் எச்டியோடு முடிந்துவிட்டது என்பதை மட்டும் கடைக்காரர் யாரும் சொல்வதில்லை.

ஏன் முடிந்தது? கணக்கு எளிது. 43 இன்ச் டிவியின் திரை ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் அகலம். ஃபுல் எச்டியில் அந்த அகலத்துக்குள் 1920 புள்ளிகள். அதாவது ஒரு புள்ளி அரை மில்லிமீட்டர். கண் மருத்துவர் 6/6 என்று எழுதிக் கொடுக்கும் பார்வை, ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு கோணம் வரைதான் பிரித்தறியும். ஐந்தரை அடி தள்ளி உட்கார்ந்தால் அந்த அரை மில்லிமீட்டர் புள்ளி அந்தக் கோணத்துக்குள் சுருங்கிவிடுகிறது. அதற்கு மேல் தள்ளிப் போனால் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்துதான் தெரியும். அவற்றை நான்காக வெட்டினாலும் நாற்பதாக வெட்டினாலும் கண்ணுக்கு ஒன்றுதான்.

'மனிதக் கண்ணின் திறமை 6/6-ஐவிட அதிகம்' என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான மறுப்பு. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் மெட்டா நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் சேர்ந்து 2025 அக்டோபரில் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் சொல்கிறது. கறுப்பு வெள்ளைக் கோடுகளை ஒரு பாகைக்கு 94 புள்ளிகள் வரை சராசரிக் கண் பிரித்தறிகிறது. மஞ்சள், ஊதா நிறங்களுக்கு வந்தால் அது 53 ஆகச் சரிந்துவிடுகிறது. சரி, 60-ஐ விட்டுவிட்டு இந்தக் கறாரான 94-ஐயே எடுத்துக்கொள்வோம். 43 இன்ச் ஃபுல் எச்டி டிவியை ஒன்பது அடியிலிருந்து பார்த்தால் ஒரு பாகைக்கு 96 புள்ளிகள் விழுகின்றன. கண்ணின் எல்லையை அந்தப் பழைய டிவியே தாண்டிவிட்டது! அதே ஆய்வாளர்கள், இரண்டரை மீட்டர் தூரத்தில் வைத்த 44 இன்ச் டிவிக்கு 4கே, 8கே இரண்டுமே கியூ.எச்.டி. திரையைவிடக் கூடுதலாக எதையும் தருவதில்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கியூ.எச்.டி. என்பது ஃபுல் எச்டிக்கும் 4கேவுக்கும் இடையிலான அளவு. அதில் 37 லட்சம் புள்ளிகள். அதைத் தாண்டினால் பலனில்லை என்பதுதான் தீர்ப்பு.

இப்போது ஹாலுக்கு வாருங்கள். பத்துக்குப் பன்னிரண்டு, பன்னிரண்டுக்குப் பதினான்கு என்று கட்டப்பட்ட ஹால். ஒரு சுவரில் டிவி, எதிர்ச்சுவரை ஒட்டி சோபா. குழந்தைகள் தரையில் முன்னே நகர்ந்து உட்காருவார்கள். பெரியவர்களுக்கு எட்டடி, ஒன்பதடி, பத்தடி. அந்தச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு '20 லட்சம் புள்ளி போதாது, 83 லட்சம் வேண்டும்' என்பவர், தன் கண்ணால் பார்க்க முடியாத ஒன்றுக்குத் தவணை கட்டுகிறார்.

இதற்குச் சான்று வேண்டுமானால் தியேட்டருக்குப் போனால் போதும். டிஜிட்டல் சினிமாவுக்கு ஹாலிவுட் ஸ்டூடியோக்கள் கூடி 2005-ல் வகுத்த தரத்தில் இரண்டே அளவுகள்: 2கே, 4கே. 2கே என்றால் 2048-க்கு 1080. மொத்தம் 22 லட்சம் புள்ளிகள்; உங்கள் ஃபுல் எச்டி டிவியோடு ஒப்பிட்டால் ஒன்றரை லட்சத்துக்கும் குறைவான வித்தியாசம். சில திரையரங்குகள் '4கே புரொஜெக்ஷன்' என்று வாசலில் பெருமையாகப் போட்டுக்கொள்கின்றன என்றால், மற்ற இடங்களில் ஓடுவது எது என்று ஊகிக்கலாம். முதல் நாள் முதல் காட்சியில், நாற்பது ஐம்பது அடித் திரையில், அந்த 22 லட்சம் புள்ளிகளைப் பார்த்துத்தான் விசிலடிக்கிறோம். வெளியே வந்து 'படம் மங்கல்' என்று யாரும் சொன்னதில்லை. வீட்டுக்கு வந்து மூன்றடி அகலத் திரையில் அதே எண்ணிக்கை போதவில்லை என்கிறோம்.

தியேட்டரை விடுங்கள், படம் பிடிக்கும் கேமராவையே பார்ப்போம். 2010-ல் வந்த ஆரி அலெக்ஸா கேமராவின் சென்சார் 4கேவை எட்டாதது, சுமார் 2.8கேதான் அதன் பதிவு. அதை முதன்மைக் கேமராவாக வைத்து எடுத்த 'ஹியூகோ', 'லைஃப் ஆஃப் பை', 'கிராவிட்டி', 'பேர்ட்மேன்' ஆகியவை தொடர்ந்து நான்கு ஆண்டுகளின் படங்களுக்கான ஒளிப்பதிவு ஆஸ்கரை வாங்கின. இவற்றில் 'லைஃப் ஆஃப் பை'யின் ஒரு பகுதி நம் புதுச்சேரித் தெருக்களில் எடுக்கப்பட்டது. பின்னாளில் நெட்ஃப்ளிக்ஸ் தன் சொந்தத் தயாரிப்புகளுக்கு 4கே கேமரா கட்டாயம் என்று விதித்தபோது, ஆஸ்கர் வாங்கிய இதே கேமரா தகுதிப் பட்டியலுக்கு வெளியே நின்றது. புள்ளிகளை எண்ணித் தரம் பார்க்கும் பைத்தியம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் வீட்டில் படம் உண்மையிலேயே மங்கலாகத் தெரிகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. குற்றவாளி வேறு ஆள்.

முதல் குற்றவாளி, டிவிக்குள் வரும் சிக்னல். கேபிளிலும் டிஷ்ஷிலும் பெரும்பாலான வீடுகள் பார்ப்பது இன்னமும் எஸ்டி சேனல்களைத்தான். எஸ்டி படம் அதிகபட்சம் 720-க்கு 576. ஏறத்தாழ நான்கு லட்சத்துப் பதினைந்தாயிரம் புள்ளிகள். 4கே டிவியின் 83 லட்சம் இடங்களை இந்த நாலே கால் லட்சம்கூட இல்லாத சரக்கை வைத்து நிரப்ப வேண்டும். வகுத்துப் பாருங்கள், மீதியில்லாமல் இருபது வரும். அதாவது திரையில் தெரியும் ஒவ்வொரு இருபது புள்ளிகளில் ஒன்றுதான் ஒளிபரப்பில் வந்தது. மற்ற பத்தொன்பதும் டிவியின் சிப் ஊகித்துப் போட்டது. ஒரு டம்ளர் பாலில் பத்தொன்பது டம்ளர் தண்ணீர். பாத்திரம் பெரிதாவதால் பால் கெட்டியாகாது. ஃபுல் எச்டி டிவியில் அதே பாலில் நான்கு டம்ளர் தண்ணீர்தான். பல வீடுகளில் புது 4கே டிவி வந்த அன்று சீரியல் முகங்கள் மெழுகு பூசியதுபோல் தெரிவதும், 'புது டிவியில சன் டிவி நல்லாவே தெரியலையே' என்று அம்மா முகம் சுளிப்பதும் இதனால்தான். பெரும்பாலும் அம்மா சொல்வது சரி.

எச்டி சேனல் கட்டினால்? படம் நிச்சயம் மேம்படும். ஆனால் எச்டி ஒளிபரப்பின் உச்சம் 1920-க்கு 1080, அதுவும் ஒற்றை வரிகள் ஒரு தடவை, இரட்டை வரிகள் ஒரு தடவை என்று பாதிபாதியாக. உங்கள் பழைய ஃபுல் எச்டி டிவி அதை முழுதாக வாங்கிக்கொள்ளும். 4கே டிவிக்குக் கூடுதலாகக் கொடுக்க அதில் எதுவுமில்லை. தமிழின் பெரிய பொழுதுபோக்குச் சேனல்களில் ஒன்றுகூட 4கே ஒளிபரப்பாக வருவதில்லை. டாட்டா ஸ்கை 2015 ஜனவரியிலேயே 4கே செட்டாப் பாக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாண்டு கடந்துவிட்டது. சீரியல் பார்க்கும் பாட்டிக்கு அதனால் ஒரு புள்ளியும் கூடவில்லை.

'நாங்கள் கேபிளே பார்ப்பதில்லை, எல்லாம் ஓடிடிதான்' என்பவர்களுக்கும் கணக்கு இருக்கிறது. நெட்ஃப்ளிக்ஸ் 2021 டிசம்பரில் இந்தியாவுக்கு அறிவித்த கட்டணப் பட்டியலில் 4கே கிடைப்பது மாதம் 649 ரூபாய்த் திட்டத்தில் மட்டும். 499 ரூபாய்த் திட்டம் ஃபுல் எச்டியோடு நின்றுவிடும். டிவியை மாற்றிவிட்டுத் திட்டத்தை மாற்றாதவர்கள் எத்தனை பேர்! 4கே ஓட நொடிக்கு 15 மெகாபிட் வேகம் வேண்டும் என்கிறது அதே நிறுவனம். இதோடு இன்னொன்றை ஒப்பிட்டுப் பாருங்கள்: சாதாரண ஃபுல் எச்டி ப்ளூரே வட்டில் காட்சிக்கு மட்டும் நொடிக்கு 40 மெகாபிட் வரை இடமுண்டு. புள்ளி நான்கு மடங்கு குறைவு, ஆனால் ஒவ்வொரு புள்ளிக்கும் கிடைக்கும் தகவல் பல மடங்கு. புகை, மழை, கூட்டம், இருட்டு என்று வரும் காட்சிகளில் ஓடிடி படம் கட்டங்கட்டமாக உடைவதும் ப்ளூரே உடையாததும் இந்தத் தகவல் வித்தியாசத்தால்தான். ஒரு சலுகையை ஒப்புக்கொள்கிறேன்: ஓடிடியின் 4கே ஓட்டத்தில் அதன் ஃபுல் எச்டி ஓட்டத்தைவிடத் தகவல் அதிகம் வருவதால் படம் கொஞ்சம் தேறும். ஆனால் அந்தத் தேர்ச்சியைக் கொடுத்தது தகவல். விளம்பரம் பேசுவது புள்ளியைப் பற்றி.

இரண்டாவது குற்றவாளி கடையின் சுவர். தி.நகரோ திருச்சி பெரிய கடைவீதியோ, எந்த ஷோரூமிலும் காட்சி ஒன்றுதான். முப்பது டிவிகள் வரிசையாக எரியும். ஓடுவது சேனல் இல்லை. மயில் தோகை, மாதுளம்பழம், பவளப்பாறை, நள்ளிரவு நகரம். கம்பெனியே தயாரித்துப் பென் டிரைவில் கொடுத்த படம். மெதுவாக நகரும், சுருக்கத்தால் சிதையாதது. டிவி 'ஷோரூம் மோடில்' இருக்கும்; வெளிச்சம் உச்சத்தில், வெள்ளை நீலம் பாரித்து. தலைக்கு மேல் டியூப்லைட் வெள்ளம். நாம் நிற்பதோ இரண்டடி தூரத்தில். 4கேவும் ஃபுல் எச்டியும் நன்றாகப் பிரிந்து தெரியும் தூரம் அது. "பாருங்க சார், மயிலோட ஒவ்வொரு இழையும் தெரியுதா?" தெரியும். தெரியாமல் என்ன? அங்கே ஒரு தடவை, "தம்பி, லோக்கல் கேபிளைப் போட்டு எஸ்டியில நியூஸ் சேனல் காட்டுங்க. நான் பத்தடி தள்ளி நின்னு பாக்குறேன்" என்று கேட்டுப் பாருங்கள். "கனெக்ஷன் இல்ல சார்" என்பதுதான் பெரும்பாலும் கிடைக்கும் பதில். வீட்டில் நாம் பார்க்கப்போகிற ஒரே சங்கதியைக் காட்ட அந்தக் கடையில் வழியில்லை.

மூன்றாவது, அட்டைப்பெட்டி ஸ்டிக்கர்கள். படத் தரத்தை அளப்பவர்கள் புள்ளியை எங்கே வைக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். டிவிகளைச் சீரமைக்கும் நிபுணர்களைப் பயிற்றுவிக்கும் இமேஜிங் சயின்ஸ் ஃபவுண்டேஷன் சொல்லும் வரிசை இது: முதலில் கருமைக்கும் வெண்மைக்கும் உள்ள விகிதம், அடுத்து நிறச் செறிவு, மூன்றாவது நிறத்தின் துல்லியம், புள்ளிகளின் எண்ணிக்கை நான்காவது இடத்தில். முதலிடத்தில் இருப்பதைப் பெட்டியில் யாரும் எழுதுவதில்லை. நான்காவது இடத்தில் இருப்பதை நான்கு இடத்தில் எழுதுகிறார்கள்.

இங்கேதான் ஏமாற்றம் நஷ்டமாக மாறுகிறது. எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்வதெல்லாம் பின்னால் விளக்கு எரியும் எல்.சி.டி. பேனல்தான். அதில் இரண்டு பெரிய சாதிகள் உண்டு. வி.ஏ. பேனலில் வெண்மை கருமையைப்போல் மூவாயிரம் மடங்கு, ஐயாயிரம் மடங்கு, ஐ.பி.எஸ். பேனலில் ஆயிரம் மடங்கை ஒட்டி. இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும்போது ஐ.பி.எஸ். திரையில் கறுப்பு சாம்பல் பூத்துத் தெரியும். பக்கவாட்டிலிருந்து பார்ப்பவருக்கு ஐ.பி.எஸ். நிறம் மாறாமல் காட்டும் என்ற நன்மை உண்டு என்பதும் உண்மை. ஆனால் நீங்கள் பத்தாண்டுக்கு முன் வாங்கிய நல்ல வி.ஏ. பேனல் ஃபுல் எச்டியைக் கொடுத்துவிட்டு மலிவான ஐ.பி.எஸ். 4கே வாங்கி வந்தால், முதலிடத்தில் இருக்கும் தரத்தை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துக்கொண்டு, நான்காவது இடத்தில் இருப்பதை நான்கு மடங்காக்கி வந்திருக்கிறீர்கள். ஒரே மாடல் எண்ணில் இரு வகைப் பேனலும் வருவதுண்டு. விற்பவருக்கே எது உள்ளே என்று தெரியாது.

எச்.டி.ஆர். ஸ்டிக்கரும் இதே ரகம். அந்தத் தொழில்நுட்பம் போலி இல்லை. நல்ல திரையில் அது படத்தையே மாற்றிப்போடும். வெயிலின் கூச்சமும் நிழலின் ஆழமும் ஒரே சட்டகத்தில் நிற்கும். ஆனால் அத்தகைய படங்களின் உச்ச வெளிச்சத்தை ஸ்டூடியோவில் பெரும்பாலும் ஆயிரம் நிட், சில நேரம் நாலாயிரம் நிட் அளவுக்கு வைத்து முடிக்கிறார்கள். மலிவு 43 இன்ச் டிவிகள் பலவும் முந்நூறு நிட்டைத் தொடுவதற்கே திணறுபவை. விளக்கைப் பகுதி பகுதியாக மங்கவைக்கும் வசதியும் அவற்றில் இருக்காது. எச்.டி.ஆர். சிக்னலை வாங்கத் தெரியும், காட்டத் தெரியாது. அதன் விளைவைப் பலர் வீட்டிலேயே பார்த்திருப்பார்கள். எச்.டி.ஆர். படம் போட்டால் எல்லாம் இருண்டு, 'என்னப்பா ஒண்ணுமே தெரியல' என்று ரிமோட்டைத் தேடவேண்டி வரும்.

நான்காவது குற்றவாளி நாமேதான். டிவியை வாங்கி மாட்டுகிறோம், மெனுவுக்குள் போவதில்லை. எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர். "தம்பி, பையன் பணம் அனுப்பறேங்கறான். 4கே மாத்திடலாமா? படம் கலங்கலா இருக்கு" என்று கூப்பிட்டார். "ஐயா, முதல்ல பின்னாடி பாத்துடலாம்" என்று டிவியைச் சுவரிலிருந்து கொஞ்சம் விலக்கினேன். செட்டாப் பாக்ஸிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் ஒயர் தூசி படிந்து தொங்கியது. பாக்ஸ் எச்டி, டிவி ஃபுல் எச்டி, கட்டணமும் எச்டிக்கு. நடுவில் அந்த மஞ்சள் பின் எல்லாவற்றையும் எஸ்டியாக்கிக்கொண்டிருந்தது. எச்.டி.எம்.ஐ. ஒயர் பாக்ஸ் வந்த அட்டைப்பெட்டியிலேயே பிரிக்காமல் கிடந்தது. அதைச் சொருகி, பாக்ஸின் செட்டிங்கில் 576 என்று இருந்ததை 1080 ஆக்கினேன். அடுத்து, அவர் பழக்கதோஷத்தில் அழுத்திவந்த சேனல் எண் எஸ்டியினுடையது. அதே சேனலின் எச்டி எண் வேறு. செய்தி வாசிப்பவரின் முகம் இழுத்துவிட்ட தோசைபோல் அகன்று தெரிந்ததும் சரியானது.

பிறகு டிவியின் மெனு. படம் 'விவிட்'டில் இருந்தது, கடையிலிருந்து வந்தபடியே. 'சினிமா'வுக்கு மாற்றினேன். "மஞ்சளா இருக்கே தம்பி?" என்றார். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள். நீலம் பாரித்த வெள்ளைக்குப் பழகிய கண்ணுக்கு, ஸ்டூடியோவில் படத்தை முடிக்கும்போது வைக்கும் 6500 கெல்வின் வெள்ளை முதலில் மஞ்சளாகத்தான் தெரியும். ஓரிரு நாளில் பழகிவிடும். ஷார்ப்னஸை அடிமட்டத்துக்கு இறக்கினேன். அது தெளிவைக் கூட்டுவதில்லை. எழுத்தைச் சுற்றியும் முகத்தைச் சுற்றியும் வெள்ளைக் கோடு இழுத்துத் தெளிவுபோல நடிக்கிறது. சினிமாவைச் சீரியல்போல் வழுக்க வைக்கும் மோஷன் வசதியை அணைத்தேன். 2018 டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் ஒரு காணொளியில் வந்து 'தயவுசெய்து இதை அணைத்துவிட்டு எங்கள் படத்தைப் பாருங்கள்' என்று கேட்டுக்கொண்டது இந்த வசதியைப் பற்றித்தான். கடைசியாக, படத்தின் ஓரங்களை வெட்டி மிச்சத்தை இழுத்துக் காட்டும் ஓவர்ஸ்கேனை நிறுத்தினேன். அது இருக்கும்வரை, ஃபுல் எச்டி படம் ஃபுல் எச்டி திரையில்கூடப் புள்ளிக்குப் புள்ளி உட்காராது. ஆசிரியர் செய்தியின் அடியில் ஓடும் எழுத்துகளைச் சோபாவிலிருந்தே வாசித்துக் காட்டினார். செலவு ஒன்றுமில்லை.

எதிர்வாதங்களைத் தட்டிக்கழிக்கப் போவதில்லை. 'பழைய டிவி ஸ்மார்ட் இல்லை, ஆப் எல்லாம் திக்கித் திணறுகிறது' என்றால், ஐயாயிரத்துக்குள் ஒரு ஸ்டிக் வாங்கிச் சொருகினால் முடிந்தது. திரை திணறவில்லை, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்தான் திணறுகிறது. 'எதிர்காலத்தில் எல்லாம் 4கே ஆகிவிடுமே' என்றால், ஆகட்டும், அப்போது வாங்கலாம். வந்துசேராத சிக்னலுக்காக இன்றே திரை வாங்கி வைத்தால், சிக்னல் வரும்போது அந்தத் திரைக்கு வயதாகியிருக்கும். 'இப்போது கடையில் 43 இன்ச்சில் வருவதெல்லாம் 4கேதானே' என்றால், கிட்டத்தட்ட உண்மை. புதிதாக வாங்கியே ஆகவேண்டியவர் 4கேவைத் தவிர்க்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. தரம் அதில் இருக்கிறது என்று நம்பி, ஓடுகிற டிவியைத் தூக்கிப்போட வேண்டாம் என்கிறேன்.

மாற்றவேண்டிய நேரமும் உண்டு. பின்விளக்கு பழுதாகித் திரையில் கருந்திட்டு விழுந்தால் மாற்றலாம். மேசைமேல் வைத்து மூன்றடியில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையாகவோ விளையாட்டுக்கோ பயன்படுத்துபவருக்கு 4கே அப்பட்டமாகத் தெரியும், அவர் வாங்கலாம். ஹாலில் இடமிருந்து 55, 65 இன்ச்சுக்குப் போகிறவருக்கு ஒன்பதடியிலும் 4கேவின் பலன் கொஞ்சம் கிடைக்கும். ஆனால் அவரை மகிழ்விப்பது பெரும்பாலும் அளவு. இரவில் விளக்கணைத்து சினிமா பார்ப்பவர், ஒவ்வொரு புள்ளியும் தானே எரிந்து தானே அணையும் ஓ.எல்.இ.டி. திரைக்கோ, விளக்கைப் பகுதி பகுதியாகக் கட்டுப்படுத்தும் நல்ல மினி எல்.இ.டி.க்கோ போனால், அது மெய்யான முன்னேற்றம். எல்.ஜி. நிறுவனம் 2022-ல் 42 இன்ச்சிலும் ஓ.எல்.இ.டி. கொண்டுவந்தது, நடுத்தர அளவிலும் வழி இருக்கிறது. விலை பல மடங்கு. அந்த விலை இல்லாதவர் காத்திருப்பதே மேல். நடுவில் இருக்கும் மலிவு 4கே, ஏணியின் அடுத்த படி அல்ல. அதே படியில் புதிய பெயின்ட்.

இந்த மூடநம்பிக்கையால் போவது முப்பதாயிரம் ரூபாய் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். படம் மங்கலாக இருக்கும்போதெல்லாம் நாம் நம் டிவியைக் குற்றம் சொல்வதால், மங்கலை அனுப்புகிறவர்கள் யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்றாகிவிட்டது. 2019-ல் அமலுக்கு வந்த டிராய் கட்டண முறையில் ஒரு எச்டி சேனல் இரண்டு எஸ்டி சேனலாகக் கணக்கிடப்பட்டது. சேனல் கட்டணமும் தனி. அதைக் கட்டியும் எச்டி என்ற பெயரில் பழைய எஸ்டி பிரதியை இழுத்துவிட்டு ஒளிபரப்புகிற சேனலை யார் கேட்டோம்? ஒரே அலைவரிசைக்குள் சேனல்களை நெருக்கி, கூட்டக் காட்சி வந்தாலே படம் கட்டங்கட்டமாக உடையும்படி அனுப்புகிற விநியோகஸ்தரை யார் கேட்டோம்? எச்டி பாக்ஸுக்குக் காசு வாங்கிக்கொண்டு மஞ்சள் பின்னைச் சொருகிவிட்டுப் போகிற பணியாளரை யார் திருப்பிக் கூப்பிட்டோம்? மாதாமாதம் காசு வாங்குகிறவர்களை விட்டுவிட்டு, பத்தாண்டு முன்பே முழுக் காசும் வாங்கிக்கொண்டு ஒழுங்காக உழைக்கும் திரையைத் தண்டிக்கிறோம். ஆகவே அடுத்த முறை படம் கலங்கினால் எக்ஸ்சேஞ்ச் விலை விசாரிக்கப் போன் எடுக்காதீர்கள். அதே போனில் கேபிள்காரரைக் கூப்பிடுங்கள், சேனலுக்குப் புகார் அனுப்புங்கள், கட்டிய காசுக்கு எச்டி எங்கே என்று கேளுங்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் அவர்கள்.